இன்ஃபினிட்டி ரீடிங்

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு நடத்துகிறேன். அங்கே ஆண்டுதோறும் அதிகச் சந்தேகங்களைக் கிளப்புவது, மெத்தில் அசிட்டேட் என்ற எஸ்டரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீராற்பகுத்து (அதாவது நீரால் சிதைத்து), வினையின் வேகத்தைக் குறிக்கும் எண்ணான வேக மாறிலியைக் காணும் பரிசோதனைதான். வேகத்தை நேராக அளக்கும் கருவி எங்கள் மேசையில் கிடையாது. கிடைப்பவை செறிவும் நேரமும் மட்டுமே. (இதே ஊரின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர்கள் இந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள்; மின்வாயில் நடக்கும் வினையின் வேகத்தை, பாரடே விதிப்படி, பாயும் மின்னோட்டமே சொல்லிவிடும்.)

குறித்த நேரங்களில் கலவையில் சிறிதளவைப் பிப்பெட்டில் எடுத்து, பனிக்கட்டி நீர் உள்ள கூம்புக் குடுவையில் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தால் தரம் பார்க்க வேண்டும்; எஸ்டர் சிதையச் சிதைய அமிலம் கூடுவதால், அதை நடுநிலையாக்கச் செலவாகும் காரத்தின் அளவே வினை எவ்வளவு நடந்தது என்று சொல்லும். பனிக்கட்டி நீர் வினையை முழுதாக நிறுத்துவதில்லை, மந்தப்படுத்துகிறது. ஆகவே நிறங்காட்டியான பினாப்தலீனின் இளஞ்சிவப்பு தெரிந்தவுடன் பியூரெட்டைப் படித்துவிட வேண்டும். நிறம் மங்குகிறதே என்று ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போனால், மிஞ்சியிருக்கும் எஸ்டரும் காரத்தால் சிதைந்து கணக்கில் ஏறும்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது தரம் பார்ப்பதில் அல்ல, போதுமான நேரம் காத்திருப்பதில்தான். "சார், கிராஃப்ல கோடு நேராத்தான் வருது, போதாதா?" என்று கேட்ட மாணவியிடம், "நேராக வருவதுதானம்மா சிக்கல்" என்றேன். கால் பங்கு எஸ்டர் தீரும்வரை மட்டும் அளந்தால், அந்த நேரத்தின் பாதியில் எஞ்சியிருப்பது முதல் வகை வினையில் (எஞ்சிய செறிவுக்கு ஏற்ப வேகம் குறைவது) 86.6 விழுக்காடு, பூஜ்ய வகையில் (வேகம் மாறாதிருப்பது) 87.5 விழுக்காடு, நம் பியூரெட்டின் பிழைக்குள் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். முக்கால் பங்கு தீரும்வரை பொறுத்திருந்தால் அதே கணக்கு 50க்கு 62.5 என்று விலகி நிற்கும். வினைவகையை முடிவு செய்யும் தகுதி இந்தப் பிற்பகுதிப் புள்ளிகளுக்கே உண்டு என்பதால், இரண்டு அரைவாழ் காலமாவது (இருப்பதில் பாதி தீர ஆகும் நேரம்) எட்டாத வரைபடத்துக்கு, அது எவ்வளவு அழகான நேர்கோடாக இருந்தாலும், நான் முழு மதிப்பெண் கொடுப்பதில்லை.

அதைவிடப் பொறுமையைச் சோதிப்பது, மாணவர்கள் இன்ஃபினிட்டி ரீடிங் என்று சொல்லும் கடைசி அளவீடு. வினை முடிந்தபின் எடுக்கும் இந்த ஒற்றை எண்ணிலிருந்துதான் ஒவ்வொரு நேரத்து அளவீட்டையும் கழித்து, எஞ்சிய எஸ்டரின் அளவைப் பெறுகிறோம். உண்மையான மதிப்பு 44.0 மி.லி. என்றும், அவசரத்தில் 43.5 என்று எழுதப்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 26.0 என்ற அளவீட்டுக்கு வித்தியாசம் 18.0 ஆவதற்குப் பதில் 17.5 ஆகும், பெரிய பாதிப்பில்லை. இறுதியில் 42.0 என்ற அளவீட்டுக்கோ 2.0 ஆவது 1.5 ஆகிவிடும், கால் பங்கு பிழை. முதல் வகை வினைக்கு நேர்கோடாக வர வேண்டிய மடக்கை வரைபடத்தின் வால் கீழ்நோக்கி வளைவதைப் பார்த்து, வினை முதல் வகையே அல்ல என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். மறுநாள்வரை வைத்திருந்தோ, இறுக மூடிய குடுவையில் ஒரு பகுதியைச் சூடாக்கியோதான் இந்த எண்ணைப் பெற வேண்டும். அதற்கும் வழியில்லாதபோது வேதியியலாளர் குகன்ஹைம் 1926இல் தந்த முறை கைகொடுக்கிறது: ஒரே சீரான இடைவெளியில் அமைந்த இணை அளவீடுகளின் வித்தியாசங்களை எடுத்து, அவற்றின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால், முடிவு மதிப்பு தெரியாமலே சாய்விலிருந்து மாறிலி கிடைக்கும். ஆனால் அந்த இடைவெளி இரண்டு மூன்று அரைவாழ் காலமாவது இருந்தாக வேண்டும். காத்திருப்பு அங்கேயும் விடாது.

எங்கள் பக்கத்து வெயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலைப் பிரிவின் மாறிலியும் பிற்பகல் பிரிவின் மாறிலியும் ஒத்துவராததை முன்பெல்லாம் கவனக்குறைவு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகம் காலை 28 டிகிரியிலும் பிற்பகல் 34 டிகிரியிலும் இருந்தால், இந்த வினையின் மாறிலி ஒன்றரை மடங்குக்கும் மேல் உயரும் என்பது வெப்பநிலையோடு வேக மாறிலியை இணைக்கும் அர்ரீனியஸ் சமன்பாட்டிலேயே இருக்கிறது. இப்போது பதிவேட்டில் வெப்பநிலைக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, இரு பிரிவுகளின் மாறிலிகளையும் சேர்த்து, வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலான கிளர்வு ஆற்றலை மதிப்பிடச் சொல்கிறேன்.