14 நாள் வீடு

லண்டனில் படகு வாங்கி அதிலேயே குடியேறப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கால்வாய்லயாடா?" மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டியே பழகியவர். ஒரு காலத்தில் அதே கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் வந்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான். இருந்தாலும் கால்வாய் என்றால் கொசு, நாற்றம். மனிதன் குடியிருக்கும் இடமல்ல.

எனக்குக் காரணம் வாடகை. சம்பளத்தில் பாதி ஒரு அறைக்கே போய்க்கொண்டிருந்தது. சேமிப்பையும் கடனையும் சேர்த்து ஒரு பழைய இரும்புப் படகை வாங்கினேன். நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிக்கு லாக் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் மத்திய இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் கட்டிய லாக்குகள் பல ஏறத்தாழ 7 அடி அகலம்தான். அவற்றுக்குள் நுழைய வேண்டுமே என்று இன்றும் இந்தப் படகுகளை ரயில் பெட்டி மாதிரியே கட்டுகிறார்கள்.

முதல் குளிர்காலம் நன்றாகவே பாடம் எடுத்தது. கழிப்பறைப் பெட்டியை நாமே தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறதோ அங்கே படகை ஓட்டிப்போய்த் தொட்டியை நிரப்ப வேண்டும். டிசம்பரில் சோலார் தகடு பெயருக்குத்தான் கூரையில் கிடக்கும், மிக்ஸி போட எஞ்சினை ஓட்டியாக வேண்டும். இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் சத்தம் கூடாது என்பது விதி. ஆக, இட்லி மாவு 8 மணிக்குள் அரைத்தாக வேண்டும். கரி அடுப்புப் பக்கத்தில் வைத்தால் நன்றாகவே பொங்குகிறது. சென்னையில்கூட இப்படிப் பொங்கியதில்லை.

இதெல்லாம் பழகிவிட்டது. பழக நாளானது வேறொன்று.

கட்டிவைக்க நிரந்தர இடம் இல்லாத படகு, ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. இப்படி ஊர் ஊராகப் போகிறவர்களை இங்கே கன்டினியுவஸ் குரூசர் என்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தில் 17ஆம் பிரிவு இது. அந்தச் சட்டத்துக்கே ஒரு கதை உண்டு. 1990இல் மசோதா வந்தபோது, எல்லாப் படகுக்கும் நிரந்தர இடம் கட்டாயம் என்றுதான் அப்போது கால்வாய்களை நடத்திய பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் அதிகாரிகள் கேட்டார்கள். படகுவாசிகள் நாடாளுமன்றக் குழு முன்பு போய் முறையிட்டார்கள். நாலைந்து வருட இழுபறிக்குப் பிறகு வந்த சட்டத்தில், இடம் இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. 14 நாள், அல்லது 'சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் காலம்'. அந்தக் கடைசி வரியின் மதிப்பு அல்பர்ட்டனில் மாட்டிக்கொண்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பாடிங்டன் கிளைக் கால்வாய் அல்பர்ட்டன் வழியாகப் போகிறது. படியேறினால் ஈலிங் ரோடு. முருங்கைக்காய், கறிவேப்பிலை, இடியாப்பம், யாழ்ப்பாணத்து அண்ணன்களின் கடைகள், கொஞ்சம் தள்ளி ஈழபதீஸ்வரர் கோயில். அங்கே வைத்துத்தான் எஞ்சின் படுத்துவிட்டது. உதிரி பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். யாருக்கும் சொல்லாமல் நான் பாட்டுக்கு இருந்தேன். 14 நாள் தாண்டியதும் கால்வாய் நிர்வாகத்திடமிருந்து நினைவூட்டல் கடிதம் வந்தது. தவறு என்னுடையதுதான், முன்பே தெரிவித்திருக்க வேண்டும். ஆனால் விசாவில் வாழ்கிறவனுக்கு அதிகாரபூர்வமான எந்தக் காகிதமும் அடிவயிற்றில்தான் வந்து விழும். ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன்.

பக்கத்துப் படகில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இருபது வருடமாகத் தண்ணீரிலேயே இருப்பவர். அதை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மன்னிப்பு எதுக்கு? என்ன நடந்ததுன்னு எழுது, மெக்கானிக் சீட்டை இணை, சட்டத்துல இருக்கற வார்த்தையையே போடு." நாலு வரி எழுதினேன். கூடுதல் நாள் கொடுத்து இரண்டு நாளில் பதில் வந்தது. ஈலிங் ரோட்டுப் பரோட்டா எந்தச் சட்டத்திலும் நியாயமான சூழ்நிலை இல்லை, அதை நான் எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் 2009இல் தொடங்கிய நேஷனல் பார்ஜீ டிராவலர்ஸ் அசோசியேஷன் என்ற படகுவாசிகள் சங்கத்தைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்டேன். வாதம் எதைப் பற்றி என்றும் அப்போதுதான் புரிந்தது. சட்டம் நாளைச் சொல்கிறது, தூரத்தைச் சொல்லவில்லை. 'இடம்' என்றால் எவ்வளவு பெரிது என்றும் சொல்லவில்லை. 2012இல் அரசு அமைப்பிடமிருந்து கால்வாய்களை ஏற்ற கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, ஓராண்டு முழுக்க 20 மைலுக்குக் குறைந்த வீச்சுக்குள் சுற்றினால் அது பயணமாகாது என்ற நிலையை எடுத்தது. போதிய அளவு நகராதவர்களுக்கு 2015 முதல் ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதப் படகு லைசன்ஸ். பள்ளிக்கூடம் போகும் குழந்தை உள்ள குடும்பத்துக்கு இவ்வளவு தூரம் சுற்றுவது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். லைசன்ஸ் போனால் 1983 சட்டப்படி படகையே அகற்றலாம். ஆள் குடியிருந்தால் முதலில் நீதிமன்றம் போவது வழக்கம். 2021இல் லீ நதியில் சில பகுதிகளைப் பாதுகாப்பு மண்டலம் என்று அறிவித்துப் படகு கட்டுவதைக் கட்டுப்படுத்தியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது.

இப்போதைய சண்டை கட்டணம். நிரந்தர இடம் இல்லாதவர்களுக்கு மட்டும் 2024 ஏப்ரலில் 5 சதவீதக் கூடுதல் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 5 என ஏறி 2028இல் 25 ஆகும். டிரஸ்டின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இருநூறு வருடத்து லாக்குகள், சுமார் 2,000 மைல் நீர்வழி, 2027க்குப் பிறகு அரசு மானியமும் படிப்படியாகக் குறையப் போகிறது. லண்டனில் இடநெருக்கடியும் உண்மை, ஒரு படகோடு இன்னொன்றைக் கட்டி நிறுத்துகிறோம். மாதக்கணக்கில் நகராமல் குழாயடியை மறித்து நிற்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் நிரந்தர இடம் வாங்க வசதி இல்லாததாலேயே சுற்றுகிறவர்கள் இங்கே நிறைய. பள்ளம் அடைக்க அவர்கள் மடியிலா கை வைப்பது? சங்கக் கூட்டத்துக்கு நானும் ஒருநாள் போனேன். பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், ஏலக்காய் தட்டிப் போட்டது. அடுத்த தடவையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், எதற்காக என்று தெரியவில்லை.

ஒரு கிளினிக்கில் முகவரிச் சான்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய நானாக இருந்தால் அப்படியே வீட்டுக்கு வந்திருப்பேன். இங்கத்து அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை என்று நின்று சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. பதிந்துகொண்டார்கள்.

அம்மா வாரம் தவறாமல் கேட்கிறார், "இன்னிக்கு எந்த ஊரு?" இன்று கென்சல் கிரீன். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஞாயிறு 14ஆம் நாள். சனிக்கிழமை ஏழரைக்குள் மாவை அரைத்துவிட்டால், காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு லிட்டில் வெனிஸ் பக்கம் போகலாம்.