பெல்ட்டில் ஒரு புதுத் துளை

துவைத்த துணிகளை மடித்து வைக்கும்போதுதான் அப்பாவின் பெல்ட்டைக் கவனித்தேன். கடைசித் துளையையும் தாண்டி, ஆணியால் குத்திய இன்னொரு துளை, ஓரமெல்லாம் பிசிறடித்தபடி இருந்தது. எப்போது போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "வயசானா உடம்பு வத்தத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு நாளிதழைப் புரட்டத் தொடங்கினார். நானும் ஒரு வாரம் அதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எடை பார்த்தபோது, ஐந்து மாதங்களுக்கு முன் 62 கிலோ இருந்தவர் 56 கிலோவுக்கு இறங்கியிருந்தார். எடையைக் குறைக்க வேண்டும் என்ற முயற்சியே இல்லாமல், ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால், அதை முதுமையின் இயல்பென்று விட்டுவிடாமல் ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் கருத்து. அப்பாவின் எடையோ ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது.

மருத்துவர் முதலில் கேட்டவை ஆறே கேள்விகள்: சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, நடமாட்டம் எப்படி, அண்மையில் நோயோ மனவேதனையோ உண்டா, மறதி அல்லது மனச்சோர்வு உண்டா, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா. 14 மதிப்பெண்ணில் 12 இருந்தால் கவலையில்லை. 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைபாடு இருப்பதாகக் கொள்வார்கள். அப்பா 8 வாங்கினார்.

தட்டைக் காலி செய்துவிடுகிறாரே என்று நான் வாதாடினேன். அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று மருத்துவர் கேட்ட பிறகுதான் எங்கள் தவறு புரிந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்ன பத்தியத்தை, உப்பைக் குறை, கொழுப்பைக் குறை, முட்டை வேண்டாம், பால் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனோமே தவிர, எதையும் மறுபரிசீலனை செய்யவே இல்லை. போதாக்குறைக்கு, எடை குறையக் குறைய பல்செட்டும் தளர்ந்து ஈறை உரசியதால், மெல்ல வேண்டியவற்றையெல்லாம் அவரே சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, நீர்த்த உணவிலேயே வயிற்றை நிரப்பியிருக்கிறார். வயதானால் வயிறு சீக்கிரம் நிறைந்த உணர்வைத் தரும். சுவையும் மணமும் மங்கும். சில மாத்திரைகளும் பசியைக் கெடுக்கும். பசிக்கவில்லை என்று அவர் சொன்னது பிடிவாதமன்று.

முதியவர்களுக்குப் புரதம் குறைவாகப் போதும் என்று நான் நினைத்திருந்ததும் தலைகீழான எண்ணம். வயதான தசை, உண்ணும் புரதத்தை முன்போல் எளிதில் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதால், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. அப்பாவின் கணக்கில் அது 56 முதல் 67 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைக் கூட்டக் கூடாது.

பல்செட்டை மாற்றினோம். மருத்துவர் பத்தியத்தில் பாதியைத் தளர்த்தினார். முட்டையும் பாலும் திரும்பி வந்தன. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்தோம். எல்லாவற்றையும்விட, இரவில் அவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியதுதான் அதிகம் பலித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அளந்து சொல்ல என்னிடம் கருவி இல்லை.

மூன்று மாதத்தில் இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறார். பெல்ட் இன்னும் அந்த ஆணித் துளையில்தான் நிற்கிறது. பழைய துளைக்குப் போக இன்னும் இரண்டு கிலோவாவது வேண்டும் என்று அவரே கணக்குச் சொல்கிறார்.