பெட்டியைத் திறக்கும் முன்

ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்ப்பவருக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வரும் புகார்களில் மின்வேதியியல் கருவிகள் அதிகம் அடிபடும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறந்த ஊர் அல்லவா? கரைசலில் வைத்த எலெக்ட்ரோடுகளின் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தி, ஓடும் கரண்டை அளக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் இன்று சுற்றுவட்டக் கல்லூரிகளிலும் இருக்கிறது. ஆனால் பழுது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியேதான்.

“கிராஃப் குதிக்குது சார்” என்றால் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டாம். ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். எலெக்ட்ரோடுகளுக்குப் போகும் மூன்று வயர்களையும் கழற்றி அதில் மாட்டுங்கள்: ஒரு முனையில் வொர்க்கிங், மறுமுனையில் ரெஃபரன்ஸ், கவுண்டர் இரண்டும். ஒரு வோல்ட் வரை ஓட்டினால் ஒரு மில்லி ஆம்பியரில் முடியும் நேர்கோடு வர வேண்டும். வந்தால் கருவி சுத்தம், கோளாறு வெளியே. ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடின் நுனியில் உப்புப் படிந்திருக்கும், குமிழி நிற்கும், இல்லையேல் கிளிப் துருப்பிடித்திருக்கும்.

கோட்டில் மெயின் சப்ளையின் 50 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தால் எர்த்தைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பாருங்கள். இறங்கினால் நியூட்ரல் வயரில் கோளாறு. இறங்காவிட்டால் எர்த் புதைத்த குழியின் மின்தடையை எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும்; 5 ஓமுக்குள் கேட்பது வழக்கம். இந்தச் செம்மண், செம்பறாங்கல் பூமியில் ஐப்பசி மழையில் எடுத்த அளவை நம்பக் கூடாது. ஈரம் வற்றினால் மண்ணின் மின்தடை ஏறிவிடும். சித்திரையில் எடுப்பதுதான் அளவு. குழியில் உப்பும் கரியும் போட்டதோடு சரி, கோடையில் தண்ணீர் ஊற்ற யாருக்கும் நினைவிருப்பதில்லை.

கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரில் தொல்லை வேறு. எலெக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடுகிறார்கள். உள்ளிருக்கும் உப்பு கசிந்து ரீடிங் நிலைக்காது. 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து 100 மில்லியாக்கினால் 3 மோலார். அதில்தான் வைக்க வேண்டும். 25 டிகிரியில், பிஎச் 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசல்களுக்கிடையே சுமார் 177 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். கழுவிய பிறகும் 160-ஐத் தாண்டாவிட்டால் மாற்றிவிடலாம். ஏ.சி. இல்லாத அறை 35 டிகிரியில் இருக்க, மீட்டரின் வெப்பநிலைத் திருகு 25-லேயே நின்றால் ஸ்லோப், அதாவது வர வேண்டிய மில்லிவோல்ட்டில் வந்த பங்கு, 103 சதவீதம் காட்டும். அது எலெக்ட்ரோடின் குற்றமில்லை.

ரிப்போர்ட்டில் “கருவியில் பழுதில்லை” என்று எழுதினால் விசிட் சார்ஜ் கொடுப்பவருக்குக் கசக்கத்தான் செய்யும். ரெசிஸ்டர் சோதனையை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். வரும் கிராஃபைத் தேதி போட்டு மேசையில் ஒட்டி, ரெசிஸ்டரையும் அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.