தோளோடு தோள் நின்று பேசும் பட்டறை

நான் வசிக்கும் மெல்பர்ன் புறநகரில் 'மென்ஸ் ஷெட்' என்றொரு பட்டறை இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆண்கள் கூடித் தச்சுவேலை செய்யவும், பழுதான பொருள்களைச் சரிசெய்யவும், தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கவும் அமைந்த இத்தகைய இடங்கள் ஆஸ்திரேலியாவில் தோன்றியவை. 1998-இல் விக்டோரியாவின் டோங்காலா என்ற சிற்றூரில் ஒன்று திறக்கப்பட்டது. 2007-இல் அவற்றுக்கெனத் தேசியச் சங்கம் உருவானது. இன்று நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. அயர்லாந்திலும் பிரிட்டனிலும்கூட வேரூன்றிவிட்டன.

வேலையோடு பிணைந்த நட்புகள் ஓய்வுக்குப் பின் விரைவில் தளர்ந்துவிடுகின்றன. மனைவியை இழந்தவருக்கோ வீடே வெறிச்சோடிவிடுகிறது. அப்படிப்பட்டவரை எதிரே உட்காரவைத்து மனம் திறக்கச் சொன்னால் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார். அதே மனிதர், ஆடும் நாற்காலியின் காலைக் கழற்றி, பொருத்தில் காய்ந்துபோன பழைய பசையை உளியால் சுரண்டி, புதுப் பசை தடவிக் கிளாம்பால் இறுக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் நிற்பவரிடம் ஆண்களுக்கே உரிய புராஸ்டேட் சுரப்பிக்குத் தான் செய்துகொண்ட பரிசோதனையைப் பற்றித் தானாகவே பேசத் தொடங்குகிறார். கைக்கு வேலையும் கண்ணுக்கு வேறு இலக்கும் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். கருவி எதையும் தொடாமல், தேநீருக்கும் பேச்சுக்கும் மட்டுமே வருபவர்களும் உண்டு. அவர்களையும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இத்தகைய பட்டறைகளுக்கு உள்ளாட்சிகள் குறைந்த வாடகையில் இடம் ஒதுக்குவது, முதியோர் நலனுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி.