50 பிரதிகளில் தொடங்கிய இதழ்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

நூலகத்தின் வாசிப்பறையில் இன்று ‘ஸ்னிஃபின் குளூ’வின் முதல் இதழைக் கையில் வாங்கினேன். லண்டனின் தென்கிழக்கிலுள்ள டெப்ட்ஃபோர்டைச் சேர்ந்த மார்க் பெர்ரி என்ற 19 வயது வங்கி எழுத்தர் 1976 ஜூலையில் தயாரித்த பங்க் ரசிகர் இதழ் இது. பங்க் என்பது வேகமும் கலகக் குணமும் கொண்ட ராக் இசை வகை; ரசிகர் இதழ் என்பது ரசிகர்கள் தாங்களே தயாரித்து வெளியிடும் சிறுபத்திரிகை. பெயரை ராமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவின் முதல் இசைத்தட்டில் பசை முகர்வதைப் பற்றி வரும் ஒரு பாட்டிலிருந்து எடுத்திருக்கிறார். தலைப்பு, தடித்த கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவை சிறுவர்களுக்கான தட்டச்சுப் பொறியில் அடித்த வரிகள். தவறாக விழுந்த சொல்லை அழித்துச் சரிசெய்ய அவர் நிற்கவில்லை. அதை அடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். தாள்களைப் பிடித்திருப்பது மூலையில் ஒரேயொரு ஸ்டேப்ளர் பின். அந்த அவசரத்தைப் பார்த்தபோது, முந்தைய இரவு கேட்ட பாட்டை மறுநாளே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று துடித்த ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

பிப்ரவரி 8, வியாழன்

இதழ் பிறந்த கதையைப் பெர்ரியே பலமுறை சொல்லியிருக்கிறார். லண்டனின் சோஹோ பகுதியில் ‘ராக் ஆன்’ என்ற இசைத்தட்டுக் கடைக்குப் போய், இந்தப் புதிய இசையைப் பற்றி ஏதாவது பத்திரிகை வருகிறதா என்று கேட்டிருக்கிறார். அப்படி எதுவும் இல்லை, நீயே ஒன்று தொடங்கேன் என்று அங்கே இருந்தவர்கள் சொல்ல, அவர் வீட்டுக்குப் போய்த் தொடங்கிவிட்டார். காதலி வேலை பார்த்த அலுவலகத்து நகல் இயந்திரத்தில் 50 பிரதிகள் எடுத்தார். அவற்றைக் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டதோடு, மேலும் அச்சிடப் பணமும் கொடுத்தார்கள்.

முதல் இதழின் அட்டையில் ராமோன்ஸோடு புளூ ஆய்ஸ்டர் கல்ட் என்ற, பங்க் அல்லாத அமெரிக்க ராக் குழுவின் பெயரும் இருப்பது முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது. பிறகு தேதிகளை அடுக்கிப் பார்த்தேன். பிரிட்டனின் முதல் பங்க் தனிப்பாட்டுத் தட்டு என்று கொள்ளப்படும் தி டேம்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’ வெளிவந்தது 1976 அக்டோபர் 22 அன்று. அதாவது, பெர்ரி எழுதத் தொடங்கியபோது, உள்ளூர்க் குழுக்களின் பங்க் இசைத்தட்டு ஒன்றுகூடக் கடையில் இல்லை. கைக்குக் கிடைத்ததையும் மேடையில் கேட்டதையும் வைத்தே அவர் பக்கங்களை நிரப்ப வேண்டியிருந்தது. இசைத்தட்டுக்கு முன்பே அதைப் பற்றிய பத்திரிகை வந்துவிட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

பிப்ரவரி 13, செவ்வாய்

மூன்று கிட்டார் சுரக்கட்டுகளை (chords, சேர்த்து மீட்டும் சுரங்கள்) வரைந்து, இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி ஒரு குழுவைத் தொடங்கு என்று சொல்லும் புகழ்பெற்ற படம் ‘ஸ்னிஃபின் குளூ’வில் வந்ததாகப் பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அது தவறு. ஏ, ஈ, ஜி என்ற அந்த மூன்று சுரக்கட்டுகளும் வந்தது ‘சைட்பர்ன்ஸ்’ என்ற வேறொரு ரசிகர் இதழில். பெரிய பெயரின் கணக்கில் சிறிய இதழின் உழைப்பு சேர்ந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான் இதை இங்கே தனியாகக் குறித்து வைக்கிறேன்.

மாலையில் என் குறிப்புத்தாள் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை மறுபடி நகல் எடுத்தேன். நான்காவது முறையில் எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டன, ஓரங்களில் கரும்புள்ளிகள் சேர்ந்தன. பங்க் இதழ்களின் தோற்றம் என்று இன்று வடிவமைப்பாளர்கள் முயன்று வரவழைப்பதை, அன்று இயந்திரமே பாதி செய்து கொடுத்திருக்கிறது.

பிப்ரவரி 17, சனி

‘ராக் ஆன்’ இருந்த நியூபோர்ட் கோர்ட்டுக்கு நடந்து போனேன். இப்போது அது சீன உணவகங்கள் நிறைந்த ஒரு குறுகிய தெரு. கடையின் அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

நாங்கள் எழுதுவதோடு திருப்தி அடையாதீர்கள், நீங்களே ஓர் இதழைத் தொடங்குங்கள் என்ற பொருளில் பெர்ரி வாசகர்களுக்கு எழுதினார். அவரை நேரில் சந்தித்து ஊக்கம் பெற்ற டோனி டிரேட்டன், 1976 இறுதியில் ஸ்காட்லாந்தில் ‘ரிப்ட் அண்ட் டோர்ன்’ இதழைத் தொடங்கினார்; அதில் 18 இதழ்கள் வெளிவந்தன. ஒரே ஆண்டுக்குள் ‘ஸ்னிஃபின் குளூ’வின் பிரதிகள் 50-இலிருந்து பல ஆயிரங்களாகப் பெருகின. பெர்ரி வங்கி வேலையை விட்டார், டேனி பேக்கர் போன்றவர்கள் உடன் எழுத வந்தார்கள். 1977 ஜனவரியில் தி கிளாஷ் என்ற பங்க் குழு சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்ததைப் பெர்ரி பங்கின் முடிவாகவே பார்த்தார். அந்தக் கண்டிப்பு மிகையானது என்றே நினைக்கிறேன். ஆயினும் அதே கண்டிப்பைத் தம் இதழின்மீதும் அவர் காட்டினார் என்பதால் அவரை மதிக்கிறேன். விற்பனை உச்சத்தில் இருந்தபோதே, 1977 ஆகஸ்ட்–செப்டம்பரில், 12-ஆம் இதழோடு நிறுத்திவிட்டார்.

அந்தக் கடைசி இதழோடு, அவர் தொடங்கிய ஆல்டர்நேட்டிவ் டிவி குழுவின் ‘லவ் லைஸ் லிம்ப்’ பாட்டு, வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் இலவசமாகத் தரப்பட்டது. இன்று நான் பார்த்த பிரதியில் தட்டு இல்லை. யாரோ எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.