பல்கலைக்கழகத்தில் சமயக் குழுக்கள்: அறையும் நாள்காட்டியும் பெயர்ப்பட்டியலும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் நலப் பிரிவின் கீழ் சமய வாழ்வுக்கென ஓர் அலுவலகம் உண்டு. அங்கே நடக்கும் வேலையில் பாதிக்கு மேல் சாவி, அறை ஒதுக்கீடு, தேர்வு நேரம், தீப் பாதுகாப்பு அனுமதி, உணவுக்கூட நேரம் என்றே போகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டை விட்டு முதல்முறை வந்திருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை, அப்பா அம்மாவின் கண் இல்லாத இடத்தில் தன் நம்பிக்கையைத் தானே வைத்துக்கொள்வதா விடுவதா என்று பார்க்கும் காலம் அது. வெள்ளிக்கிழமை மதியம் தொழ இடம் கிடைக்காமல் மாடிப்படிக்கு அடியில் விரிப்பைப் போட நேர்ந்தால், அந்த வளாகம் தன்னை எதிர்பார்க்கவே இல்லை என்று அவளுக்கு விளங்கிவிடும். அறையைச் சரியாக ஒதுக்குவதும் அந்த வகையில் ஆன்மிகப் பணிதான்.

இந்தக் குழுக்கள் ஏன் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயத்தில் நிற்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் ஒரு மதத்தைத் தன் மதமாக நடத்த முடியாது. ஆகவே சபைகளும் சமய அமைப்புகளும் வளாகத்தின் ஓரத்தில் வீடு வாங்கித் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டன. இல்லினாய் மாநிலத்தின் அர்பானா-ஷாம்பெயின் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெதடிஸ்ட் மாணவர்களுக்கான முதல் வெஸ்லி ஃபவுண்டேஷன் 1913-இல் அங்கே தொடங்கியது. யூத மாணவர்களுக்கான ஹில்லெல் 1923-இல் அங்கேதான் பிறந்தது. வட அமெரிக்க முஸ்லிம் மாணவர் சங்கமும் 1963-இல் அதே ஊரில்தான் உருவானது. கத்தோலிக்கர்களின் முதல் நியூமன் கிளப் இவற்றுக்கெல்லாம் முன்பே, 1893-இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அமைந்தது.

இன்றைக்கு ஒரே வளாகத்தில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். முதல் வகை, பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் சாப்ளைன், அதாவது வளாகச் சமயப் பணியாளர். தனியார் பல்கலைக்கழகங்களில் இது அதிகம். இரண்டாவது, வெளி அமைப்பு சம்பளம் கொடுத்து அனுப்பும் வளாக ஊழியர். மூன்றாவது, மாணவர்களே நடத்தும் பதிவு பெற்ற குழு. பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் எழுகின்றன. வெளி ஊழியர் மாணவர் குழுவின் பெயரில் அரங்கத்தை முன்பதிவு செய்வார். கூட்டத்தில் பேசுபவர் யாரென்று தலைவராகக் கையெழுத்திட்ட மாணவருக்கே தெரியாது. நாற்காலி உடைந்தாலும் புகார் வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த இருபது வயது மாணவர்தான். முன்பதிவுப் படிவத்தில் 'நிகழ்ச்சியை நடத்துபவர் யார், பணம் கொடுப்பவர் யார்' என்று தனித்தனியாக இரண்டு கேள்விகளை வைத்தால் இதில் பெரும்பகுதி முன்னாலேயே தெரிந்துவிடும்.

சட்டத்தைப் பற்றி இந்த வேலைக்கு வருபவர் நான்கு தீர்ப்புகளை அறிந்திருந்தால் போதும். 1981-இல் விட்மர் வழக்கில், மற்ற மாணவர் குழுக்களுக்கு அறையைத் திறந்துவிடும் அரசுப் பல்கலைக்கழகம் வழிபாட்டுக்காகக் கூடும் குழுவுக்கு மட்டும் அதை மூட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995-இல் ரோசன்பர்கர் வழக்கு: பிற மாணவர் இதழ்களுக்கு அச்சுக்கூலி கொடுத்துவிட்டு, கிறிஸ்தவ இதழ் என்பதற்காக ஒன்றை விலக்கக் கூடாது. 2000-இல் சவுத்வொர்த்: எல்லா மாணவர்களிடமும் வாங்கும் கட்டணத்தைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் கருத்துச் சார்பு இருக்கக் கூடாது. 2010-இல் மார்ட்டினெஸ்: எவரும் சேரலாம் என்ற விதி எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருந்தால், அதை ஏற்காத சமயக் குழுவுக்கு அங்கீகாரம் மறுக்கலாம். இந்த நான்கில் நடைமுறையில் அடிக்கடி மீறப்படுவது மூன்றாவது. நிதிக் குழுவில் இருக்கும் மாணவர்கள் 'இந்தக் கூட்டத்துக்கு யார் வரப்போகிறார்கள்' என்று கேட்டுத் தொகையைக் குறைப்பார்கள். பெரும்பான்மைக்குப் பிடித்ததற்குப் பணம் என்றாகிவிட்டால் அங்கே சார்பின்மை போய்விட்டது. ஒரு கூட்டத்துக்கு உணவுச் செலவு, ஒலிபெருக்கி, விளம்பரம் என்று வகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதை எல்லோருக்கும் ஒன்றாகப் பின்பற்றினால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

அறை விஷயம் பார்க்க எளிது, செய்யும்போது அப்படி இல்லை. தொழுகை விரிப்பு ஒன்று ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலம், 110 சென்டிமீட்டர் நீளம். நாற்பது பேர் வரிசையாக நிற்க விரிப்புகளுக்கு மட்டும் கணக்கிட்டால் 31 சதுர மீட்டர் வரும்; இமாம் நிற்க, செருப்பு வைக்க, தாமதமாக வருபவர் பின்னால் நுழைய என்று சேர்த்தால் 45-க்குக் குறையக் கூடாது. திசையைத் தட்டை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் தப்பாகும். பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டால் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலிருந்து மக்கா வடகிழக்கில் இருக்கும். திசைகாட்டி வைத்துப் பார்ப்பதானால் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் இடத்துக்கேற்பக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். ஒருமுறை சரியாகப் பார்த்துக் கூரையின் மூலையில் சின்ன அம்புக்குறி ஒட்டிவிட்டால் ஆண்டுதோறும் வரும் தகராறு தீரும். ஒளு, அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது, செய்ய இடமில்லாவிட்டால் மாணவர்கள் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைப்பார்கள். தரை நனையும், யாராவது வழுக்குவார்கள், பிறகு கழிப்பறையில் 'கால் கழுவாதீர்' என்று ஒரு தாள் ஒட்டப்படும். அந்தத் தாளை ஒட்டுவதற்குப் பதில், தாழ்வாக ஒரு குழாயும் உட்காரப் பலகையும் தரையில் வடிகாலும் வைக்க வேண்டும். கட்டடம் புதுப்பிக்கும்போது கேட்டால்தான் கிடைக்கும், பிறகு கேட்டால் கிடைக்காது.

எல்லா மதத்தாருக்கும் பொதுவான அறை என்றால் சுவரில் எந்தச் சின்னமும் நிரந்தரமாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் பூட்டக்கூடிய அலமாரி ஒன்று, அதற்குள் அவர்கள் படமோ சிலுவையோ நூலோ, முடிந்ததும் உள்ளே. தீபாவளி விளக்கு, யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்தின் மெழுகுவர்த்தி, சாம்பிராணி, ஹோமம் எல்லாம் புகை உணரியைத் தட்டி எழுப்பும். திறந்த சுடருக்கு வளாகத் தீப் பாதுகாப்புப் பிரிவின் அனுமதி வேண்டும். நிகழ்ச்சி நடக்கும் பகுதியில் மட்டும் உணரியை நிறுத்தி, பயிற்சி பெற்ற ஒருவரை அங்கே நிறுத்துவார்கள். இதற்கு இரண்டு வாரமாவது முன்னால் எழுத வேண்டும். முந்தின நாள் கேட்டால் பதில் 'பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் வரும், பூசைக்கு அது போதாது.

யாரும் எதிர்பாராத ஒரு சங்கடம் விடுதிக் கதவு. ஆசாரமான யூத மாணவர்கள் வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி இரவு வரை மின்கருவிகளை இயக்குவதில்லை. அட்டையைக் காட்டினால் திறக்கும் பூட்டு அவர்களுக்கு மூடிய கதவு. விடுதி ஒதுக்கும் பட்டியல் போகும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, சாவிப் பூட்டு உள்ள கட்டடத்தில், மின்தூக்கி இல்லாமல் ஏறக்கூடிய தாழ்ந்த மாடியில் இடம் தர வேண்டும்.

நாள்காட்டியில் தவறு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பல மதங்களின் நாள் சூரிய நாள்காட்டியில் நிற்பதில்லை. இஸ்லாமிய ஆண்டு ஏறத்தாழ 354 நாள், ஆகவே ரமலான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும். 2030-இல் அது ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை தொடங்கும். யூதப் பண்டிகை முந்தின நாள் மாலையே ஆரம்பித்துவிடும். யூதர்களின் பிராயச்சித்த நோன்பு நாளான யோம் கிப்பூர் செப்டம்பர் அல்லது அக்டோபரில், அதாவது முதல் தேர்வுகள் நெருங்கும் நேரத்தில் வரும். இந்துப் பண்டிகைகளில் திதி உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தது. இந்தியாவில் அச்சான நாள்காட்டியைப் பார்த்து அமெரிக்காவில் விடுப்புத் தேதி குறித்தால் ஒருநாள் தவறலாம். நியூயார்க், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சமயக் காரணத்துக்காக வராத மாணவருக்கு மாற்று ஏற்பாடு செய்யச் சட்டமே இருக்கிறது. சட்டம் இருந்தும் மாணவர் கேட்கத் தயங்குவார். பாட அட்டவணை வெளியாகும் முன்பே பேராசிரியர்களுக்கு அந்தப் பருவத்தின் தேதிகளை ஒரே பக்கத்தில் அனுப்பி, மாணவர் முதல் மூன்று வாரத்துக்குள் சொன்னால் போதும் என்று எழுதிவிட வேண்டும். மதகுருவிடம் கடிதம் வாங்கி வா என்று கேட்கக் கூடாது. குழு எதிலும் சேராத மாணவருக்கும் நம்பிக்கை உண்டு. நோன்பு மாதத்தில் உணவுக்கூடம் எட்டு மணிக்கு மூடினால், கோடையில் நோன்பு திறக்கும் நேரம் அதைத் தாண்டிவிடும். இரவுச் சாப்பாட்டையும் விடியலுக்கு முந்தைய சாப்பாட்டையும் பொட்டலமாக எடுத்துப்போக விட்டால் தீர்ந்தது.

குழு ஒன்று நிலைப்பதும் கலைவதும் பொறுப்பு கைமாறும் நேரத்தில் தெரியும். நான்கு ஆண்டில் எல்லா முகமும் மாறிவிடும். வசந்த காலப் பருவத்தின் முடிவில் தேர்தல் வைத்து உடனே எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால், செப்டம்பரில் மறுபதிவுக் கெடு போயிருக்கும், மின்னஞ்சல் கடவுச்சொல் பட்டம் வாங்கிப் போன அண்ணனிடம் இருக்கும், வங்கியில் கையெழுத்து மாறியிருக்காது. மார்ச்சிலேயே தேர்தலை முடித்து, பழையவரும் புதியவரும் ஐந்தாறு வாரம் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவராவது பொறுப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

இனி பெயர்ப்பட்டியல். இந்த வேலையில் மிக அதிகக் கவனம் கேட்பது இதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஒருவர் எந்த மதக் கூட்டத்துக்கு வந்தார் என்பது சாதாரணத் தகவல் இல்லை. மதம் மாறுவதை வீட்டில் சொல்லாதவர் இருப்பார், மதம் மாறினால் ஊர் திரும்ப அஞ்சுபவரும் இருப்பார். நியூயார்க் காவல்துறை வடகிழக்குப் பகுதியின் முஸ்லிம் மாணவர் சங்கங்களைப் பல ஆண்டுகள் கண்காணித்ததை 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டு வந்தது. மாணவர்களின் படகுப் பயணத்துக்கு உளவுக் காவலர் ஒருவரே கூடப் போயிருந்தார். அதற்குப் பிறகும் 'வந்தவர்கள் பெயரும் எண்ணும் எழுதுங்கள்' என்று வாசலில் தாள் வைப்பது தவறு. நிதிக்குத் தலைக்கணக்கு வேண்டுமென்றால் எண்ணிக்கை போதும். புகைப்படம் எடுக்குமுன் சொல்லிவிட்டு, படத்தில் வர விரும்பாதவர்கள் உட்கார ஒரு பக்கத்தை ஒதுக்க வேண்டும்.

ஜெபக் குறிப்பு என்ற நல்ல வழக்கத்திலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. 'இன்னாருக்காக ஜெபியுங்கள், கர்ப்பமாகிவிட்டாள்', 'மனநல மருத்துவரிடம் போகிறான்' என்று வாட்ஸ்அப்பில் அறுபது பேருக்குப் போகும். எழுதியவர் மனதில் அன்பு மட்டுமே இருக்கும். அந்தப் பெண் மறுநாள் வகுப்புக்கு வரமாட்டாள். பெயர் சொல்லாமல், சொல்வதானால் உரியவரிடம் கேட்டுவிட்டு என்ற ஒற்றை விதியைத் தலைவர்கள் பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும். கூடவே, யாரிடம் எது ரகசியமாக நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றிக் கேள்விப்பட்டால் பல்கலைக்கழக ஊழியர் பெரும்பாலும் மேலே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். குருப்பட்டம் பெற்று அந்தப் பணியில் இருக்கும் சாப்ளைனுக்குப் பொதுவாக அந்தக் கடமை இல்லை. மாணவர் பேச்சைத் தொடங்குமுன் இதைச் சொல்வது மரியாதை.

குழுவின் தரத்தை அறிய, விலகிப் போனவரை அது எப்படி நடத்துகிறது என்று பார்க்கலாம். முதல் ஆறு வாரம் புதிய மாணவருக்கு நண்பர்கள் இல்லாத காலம். அப்போது தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களை யாரும் மறக்கமாட்டார்கள். பெரும்பாலான குழுக்களின் பாசம் உண்மையானதுதான். ஆனால் கூட்டத்துக்கு வராத வாரம் அறைக் கதவைத் தட்டுவது, வெளி நண்பர்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது, படிப்பைவிடக் கூட்டத்தை முன்வைப்பது, பணத்தையும் காதலையும் மூத்தவரிடம் கேட்டே தீர்மானிக்கச் சொல்வது தொடங்கினால் அலுவலகம் தலையிட வேண்டும். வெளி ஊழியர்களோடு ஆண்டுதோறும் எழுத்தில் ஓர் உடன்பாடு தேவை: அழைக்காமல் விடுதிக்குள் வருவதில்லை, வேண்டாம் என்றவரைத் திரும்ப அழைப்பதில்லை, பின்னணிச் சோதனைக்கு உடன்படுவார்கள், புகார் வந்தால் யாரிடம் போகும் என்பது தெரிந்திருக்கும். எல்லா மதத்தாருக்கும் ஒரே தாள், ஒரே வார்த்தைகள்.

விலக நினைக்கும் மாணவிக்குப் பெரும்பாலும் கொள்கையைவிட வீடு பெரிய தடையாக இருக்கும். குழு நண்பர்கள் நான்கு பேரோடு ஒரே வீட்டில் இருப்பாள், வாடகை ஒப்பந்தம் மே வரை. எனவே விடுதி அலுவலகத்திடம் ஆகஸ்டிலேயே பேசி, பருவத்தின் நடுவில் காரணம் கேட்காமல் தரக்கூடிய இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டும். அக்டோபரில் கேட்டால் எல்லாம் நிறைந்திருக்கும்.