லைஃப் இன் த யூகே: படித்ததும் எழுதியதும் பிறகு நடந்ததும்

பிரிட்டனில் நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் கேட்கும் லைஃப் இன் த யூகே சோதனையை எழுதப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த ஆப் நல்லது என்றுதான். புத்தகத்தை வாங்குங்கள், ஆப் எல்லாம் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பலருக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கேள்வி எல்லாம் அந்த அதிகாரபூர்வக் கைநூலிலிருந்துதான் வரும், அதுவும் 2013-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து. தெரிந்தவர் வீட்டு அலுமாரியில் அதற்கு முந்திய பதிப்பு கிடந்தால் அதைத் தொட வேண்டாம்.

விபரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் பாஸ். கட்டணம் 50 பவுண். தவறினால் 7 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், காசும் திரும்பக் கட்ட வேண்டும். 65 வயதானவர்களுக்கு இது தேவையே இல்லை, வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவைச் சும்மா பயமுறுத்தாதீர்கள். ஒருமுறை பாஸ் பண்ணினால் அது காலாவதியாவதில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கணவரின் விசாவில் வந்தவள். நிரந்தர வதிவிடத்துக்காக எழுதிய அதே சோதனை முடிவைத்தான் பிறகு குடியுரிமைக்கும் கொடுத்தேன்.

பதிவு செய்யும்போது எங்கள் ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது பெயர். பதிவில் இருக்கும் பெயரும் கொண்டுபோகும் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தகப்பன் பெயர் ஒரு இடத்தில் முதலிலும் இன்னொரு இடத்தில் கடைசியிலும் நிற்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சில பத்திரங்களில் மட்டும் ஏறியிருக்கும், வங்கி அட்டையில் முதலெழுத்து மட்டும் இருக்கும். இவற்றில் எதையாவது நினைவிலிருந்து அடித்துவிட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், காசும் திரும்பி வராது. கடவுச்சீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். பிழை கண்டால் சோதனைக்கு 3 நாள் இருக்கும்போதே ரத்துச் செய்து காசைத் திரும்ப வாங்கலாம்.

இனிப் படிப்பு. புத்தகத்தில் 5 அத்தியாயங்கள், அதில் மூன்றாவதான வரலாறுதான் எல்லாரையும் அலற வைப்பது. கற்காலம், உரோமர் வந்த கி.பி. 43, போன 410, வில்லியம் வந்த 1066, கறுப்புச் சாவு 1348, ரோஜாப் போர்கள் 1455 தொடக்கம் 1485 வரை என்று அடுக்கிக்கொண்டே போகும். இதை ஆண்டு ஆண்டாகப் பாடமாக்க வெளிக்கிட்டால் நாலாம் நாள் எல்லாம் குழம்பும். எனக்குக் கை கொடுத்தது வேறு வழி. அரசன் கையில் இருந்த அதிகாரம் எப்படி, யாரிடம், எப்போது போனது என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைத் திரும்ப வாசித்தேன். 1215-இல் ஜோன் மன்னனைப் பிரபுக்கள் மாக்னா கார்ட்டாவுக்கு ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள், அரசனும் சட்டத்துக்குக் கீழேதான் என்று. 1649-இல் முதலாம் சார்ள்ஸின் தலையையே வெட்டுகிறார்கள். 1660-இல் அவன் மகனை அழைத்து முடி சூட்டுகிறார்கள், ஆனால் பழைய அதிகாரம் திரும்பி வரவில்லை. 1689-இல் உரிமைகள் சட்டம் வந்து பாராளுமன்றத்தின் கை ஓங்குகிறது. பிறகு அந்தப் பாராளுமன்றத்துக்கு யார் வாக்களிக்கலாம் என்ற சண்டை; 1832, 1867 சீர்திருத்தங்கள், 1918-இல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், 1928-இல் ஆண்களைப் போலவே 21 வயதில், 1969-இல் எல்லாருக்கும் 18. இப்படி வாசித்தால் ஒவ்வொரு ஆண்டும் முந்திய ஆண்டுக்கு விடையாக வந்து நிற்கும், மறக்க மாட்டீர்கள்.

இதில் நான் மிகவும் ரசித்த இடம் 1642. முதலாம் சார்ள்ஸ் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யப் பாராளுமன்றத்தின் பொதுச் சபைக்குள் தானே நுழைகிறான், அவர்களுக்கு முன்பே தகவல் போய்விட்டதால் ஒருவரும் அங்கில்லை. அன்றைக்குப் பிறகு சபை கூடியிருக்கும்போது எந்த அரசனும் அரசியும் அதற்குள் கால் வைத்ததில்லை. அதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான், 2024 ஜூலையில், மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் பாராளுமன்றத்தைத் திறந்து வைப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மன்னர் பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டு பொதுச் சபை உறுப்பினர்களைக் கூப்பிட ஆள் அனுப்புகிறார், பிளாக் ராட் என்ற அந்த அதிகாரி வாசலுக்கு வர முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள், அவர் கறுப்புத் தடியால் மூன்று தரம் தட்டிய பிறகுதான் திறக்கிறார்கள். நான் மடித்துக்கொண்டிருந்த உடுப்புகளை அப்படியே மடியில் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரலாற்று அத்தியாயமும் அரசாங்க அத்தியாயமும் ஒன்றே என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. பிறகு சபாநாயகர் ஏன் கட்சி சாராதவர், பிரதமர் ஏன் பொதுச் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதெல்லாம் பாடமாக்கத் தேவையில்லாமல் போயிற்று.

சாம்ராஜ்யம் பற்றிய பகுதி எனக்குப் போதவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடிமை வியாபாரம் 1807-இல் நிறுத்தப்பட்டது, 1833-இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தது என்று இருக்கிறது, அதற்கு முன்னால் நடந்ததற்குக் கொடுத்த இடம் சிறியது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றுக்கும் 1947-இல் விடுதலை கொடுத்ததாக ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். இலங்கைக்குச் சுதந்திரம் 1948 பெப்ரவரி 4 என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் கைநூல் சாம்ராஜ்யத்தை எழுதிய விதத்தை எதிர்த்து 2020-இல் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் சேர்ந்து திறந்த கடிதம் எழுதினார்கள், அவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் சோதனையில் புத்தகம் சொல்வதுதான் விடை. அங்கே வாதாட இடமில்லை.

புத்தகத்தில் இல்லாத ஒன்றை நானாகத் தேடிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்கு கிடைத்தது 1928-இல். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கையில் ஆணும் பெண்ணும் 21 வயதில் வாக்களித்தது 1931-இல். மூன்றே வருட இடைவெளி. அதை எழுதிய பிறகு 1928 என்னை விட்டுப் போகவே இல்லை. அதே மாதிரி சேக் டீன் முகமது. வங்காளத்தில் படையில் இருந்தவர், இங்கே வந்து 1810-இல் லண்டன் ஜோர்ஜ் ஸ்ட்ரீட்டில் ஹிந்துஸ்தானி காஃபி ஹவுஸ் என்ற முதல் கறிச் சாப்பாட்டுக் கடையைத் திறந்தவர். அவரைப் பற்றிப் புத்தகத்தில் தனியாக ஒரு பகுதி உண்டு. அந்தத் தெருவில் பச்சைப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள், நானும் கணவரும் போய்ப் பார்த்தோம். லண்டனில் இருப்பவர்கள் புத்தகத்தில் வரும் இடங்களில் இரண்டு மூன்றையாவது நேரில் பாருங்கள்.

மற்ற அத்தியாயங்களில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. இங்குள்ள நான்கு நாடுகளின் காவல் புனிதர்களின் நாட்கள் (மார்ச் 1, மார்ச் 17, ஏப்ரல் 23, நவம்பர் 30), ஜூரி இங்கிலாந்தில் 12 பேர் ஸ்கொட்லாந்தில் 15 பேர், கொடியில் வேல்ஸுக்கு ஏன் இடமில்லை (1606-இல் முதல் கொடி வந்தபோது வேல்ஸ் ஏற்கனவே இங்கிலாந்தோடு சேர்ந்திருந்தது), இப்படியானவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினால் போதும்.

சோதனை நடந்த இடத்தில் கைப்பேசி, கைக்கடிகாரம், பை எல்லாவற்றையும் லொக்கரில் வைக்கச் சொன்னார்கள். சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, காதைக் காட்டச் சொல்லி, பொக்கெட்டைப் புரட்டச் சொல்லிப் பார்த்தார்கள். தலையை மூடியிருந்த ஒரு பெண்ணைப் பெண் அலுவலர் ஒருவர் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய் மரியாதையாகத்தான் பார்த்தார். படம் எடுத்தார்கள். கணினியில் முதலில் பழகுவதற்குச் சில கேள்விகள் வரும், அதில் மவுஸைப் பிடித்துப் பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விடை தெரிவு செய்யச் சொல்லும் கேள்விகளை ஆறுதலாக வாசியுங்கள், இரண்டும் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் வரும் கேள்வி வேறு வேறு, அதனால் எனக்கு என்ன வந்தது என்று தெரிந்து ஒரு பயனும் இல்லை. நேரம் தாராளமாகப் போதும்.

குடியுரிமை விண்ணப்பம் இதைவிடப் பொறுமையைக் கேட்கும். 1,600 பவுணுக்கு மேல் கட்டுகிறோம், மறுத்தால் விண்ணப்பக் கட்டணம் போனதுதான். வெளிநாடு போய்வந்த நாட்களைக் கடவுச்சீட்டு முத்திரைகளையும் டிக்கெட் மின்னஞ்சல்களையும் பார்த்துத் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். 5 வருடக் கணக்கில் 450 நாள், பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவரின் துணைக்கு 3 வருடத்தில் 270 நாள், கடைசி 12 மாதத்தில் 90 நாள், இதுதான் பொதுவான எல்லை. உங்களை 3 வருடமாவது அறிந்த இரண்டு பேர் சாட்சிக்கு வேண்டும், கடைசி நேரத்தில் தேடாதீர்கள்.

குடியுரிமை விழா எங்கள் கவுன்சில் மண்டபத்தில் நடந்தது. ஆண்டவன் பேரால் சத்தியம் செய்யலாம், அல்லது கடவுளைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம், எது வேண்டும் என்று முன்பே கேட்டு எழுதிக்கொண்டார்கள். கானா, போலந்து, வங்காளதேசம், இலங்கை என்று எல்லா நாட்டாரும் ஒரே வரியைச் சேர்ந்து சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

இதற்கிடையில் இன்னொன்று: இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கொமன்வெல்த் நாட்டவர் என்பதால், இங்கே சட்டப்படி விசாவில் இருக்கும்போதே பாராளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் வாக்களிக்கலாம். இது புத்தகத்திலேயே இருக்கிறது, படித்துவிட்டும் பதியாமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே பதியுங்கள்.

இலங்கைக் குடியுரிமையையும் வைத்திருக்க விரும்புகிறவர்கள் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பேசாமல் இருந்தால் அது போய்விடும். விழா முடிந்த கையோடு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். குடியுரிமை கிடைத்த நிமிடமே பழைய வதிவிட அனுமதி முடிந்துவிடுகிறது, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு கையில் இல்லாமல் வெளியே போனால் திரும்பி வருவது பெரும் சிக்கல். முதல் கடவுச்சீட்டுக்குப் பழைய கடவுச்சீட்டையும் குடியுரிமைச் சான்றிதழையும் அனுப்ப வேண்டும், சிலரை நேர்முகத்துக்கும் கூப்பிடுவார்கள். சான்றிதழை வாங்கிய இடத்திலேயே பெயரையும் பிறந்த தேதியையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வாருங்கள்.